கணக்குக் காட்டும் கண்ணாடி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் கணிதம்)

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. நெய்தவன் வீட்டுக் கணக்கும் அதற்கு மாறானதன்று. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நம்ம கணக்க நாமளே பாக்கோணும் சாமி" என்று சொல்லித்தான் என்னை அவர் கணிதம் படிக்க அனுப்பினார். அந்தக் கணிதம் இவ்வாண்டு எங்கள் தறிக்குழி வரை வந்து நின்றது. அதை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பவானி ஜமக்காளம் 2005-2006ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமை தறியில் அமர்ந்தவனின் கூலியை உயர்த்திவிடவில்லை. ஆனால், வாங்குகிறவர் பவானிக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. என் தந்தை நெய்து கொடுக்கும் கடையும் இணையத்தில் விற்பனை செய்கிறது. மாலை நேரங்களில் அங்கே பொட்டலம் கட்டும் வேலை எனக்கு.

அந்த இணையக் கடை வூகாமர்ஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. 2011இல் வெளிவந்த இது, வேர்டுபிரஸ் தளத்தின்மேல் அமர்ந்து வேலை செய்வது. வருகிற ஆர்டர்கள் எல்லாம் அதன் தரவுத்தளத்தில் பதிவாகின்றன. ஆனால் முதலாளி கேட்பதோ, "எது ஓடுது? எது தேங்குது?" என்ற இரண்டே கேள்விகள். அவற்றுக்கு ஒரே பார்வையில் விடை தருவதுதான் டாஷ்போர்டு என்னும் அறிக்கைப் பலகை. கூகுள் நிறுவனம் 2016இல் டேட்டா ஸ்டுடியோ என்ற பெயரில் வெளியிட்டு, 2022இல் லுக்கர் ஸ்டுடியோ என்று பெயர் மாற்றிய கருவியில், நான் வேலைக்குச் சேருமுன்பே யாரோ ஒருவர் அதை அமைத்துக் கொடுத்திருந்தார்.

கடைக்கும் பலகைக்கும் இடையே ஏ.பி.ஐ. என்றொரு சன்னல் இருக்கிறது. அதைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். படிக்க மட்டும் உரிமையுள்ள சாவியாக வாங்கிக்கொள்வது நல்லது. கணக்குப் பார்க்க வந்தவன் கல்லாப்பெட்டியில் கைவைக்க வேண்டியதில்லை அல்லவா? சன்னலில் கேட்டால் ஒரு தடவைக்குப் பத்து ஆர்டர்கள் கிடைக்கும். கூடுதலாகக் கேட்டால் நூறு வரை. மீதியைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வோர் இரவும் ஒரு சிறு நிரல் அவற்றை வாங்கிக் கூகுள் ஷீட்ஸில் எழுதும். அந்தத் தாளைப் பலகை படிக்கும்.

ஒரு நாள் முதலாளி அந்தப் பலகையைக் காட்டி, "தம்பி, பைதான் முதல்ல நிக்குது பாரு. நாலு தறியப் பைத்துணிக்கு மாத்திப்போடலாம்" என்றார். அந்த நான்கில் ஒன்று அப்பாவின் தறி. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால், பொட்டலம் கட்டிய என் கைகள் வேறு கணக்குச் சொல்லின. பைகள் அத்தனை போகவில்லை என்பது எனக்குத் தெரியும். "ரெண்டு நாள் பொறுங்கண்ணா, பாத்துச் சொல்றனுங்க" என்றேன்.

பார்த்தபோது பிழை விளங்கிற்று. ஒருவர் 1,800 ரூபாய்க்கு ஜமக்காளமும், 450 ரூபாய்க்குத் தரைவிரிப்பும், 150 ரூபாய்க்குப் பையும் வாங்குகிறார் என்று கொள்வோம். மொத்தம் 2,400. தாளில் பொருளுக்கு ஒரு வரியாக மூன்று வரிகள். ஆனால் மூன்று வரிகளிலும் விலை என்ற இடத்தில் ஆர்டரின் மொத்தமான 2,400 எழுதப்பட்டிருந்தது! கூட்டினால் 7,200. மூன்று பேர் உள்ள குடும்ப அட்டைக்கு உரிய அரிசியை, ஆளுக்கொரு முறை தந்ததாக எழுதியது போன்ற கணக்கு. பெரிய பொருளோடு துணையாகப் போகும் 150 ரூபாய்ப் பை, 2,400 ரூபாய் ஈட்டியதாக மார்தட்டிக்கொண்டு நின்றது.

ஆர்டர் பாவு என்றால், பொருள்கள் ஊடை. இரண்டையும் தனித்தனித் தாளில் வைத்து, ஆர்டர் எண்ணால் மட்டும் பிணைக்க வேண்டும். பொருளின் வருவாய்க்குப் பொருளின் விலையையே கூட்ட வேண்டும். அவ்வாறே செய்தேன். பை கீழிறங்கியது, ஜமக்காளம் மேலேறியது. நேரத்திலும் ஒரு குறை இருந்தது. கிரீன்விச் நேரத்தை எடுத்திருந்ததால், நம் நேரம் அதிகாலை 5.30க்கு முன் வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் விழுந்தன. மாதத்தின் முதல் நாளாயின் முந்தைய மாதத்திலேயே விழுந்தன. அதையும் சரிசெய்தேன்.

இன்னும் ஒரு திருத்தம் மிச்சமிருந்தது. ரத்தான ஆர்டர்களும், பணம் திருப்பித் தந்த ஆர்டர்களும்கூட விற்பனையாகவே கூட்டப்பட்டிருந்தன. அவற்றை நீக்கிப் பார்த்தேன். மிகப் பெரிய அளவு ஜமக்காளம் சட்டென்று அடிமட்டத்துக்குப் போயிற்று. எடை மிகுதியால் அதற்கு அனுப்புகூலி அதிகம். வாசலில் வாங்க மறுக்கப்பட்டுத் திரும்பியவையும் அதிகம். அந்த அளவை நெய்பவர் என் தந்தை.

அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாடாவில் நூலைக் கோத்தபடியே கேட்டவர், "வாங்காமத் திரும்பி வந்தது வித்ததாவுமா சாமி? இருக்கறத இருக்கறபடியே காட்டு" என்றார். மறுநாள் காட்டினேன்.

பைத்துணித் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று தறிகள் மாறவில்லை. பெரிய அளவை இனி ஆர்டர் வந்தால் மட்டும் நெய்வதென்று முடிவாயிற்று. அப்பாவின் தறி நடுத்தர அளவுக்கு மாறியது. பாவு மாற்றிய நான்கு நாள்களும் அவருக்குக் கூலியில்லை. அந்த நான்கு நாள்களும் எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் இத்தகைய பலகைகளை அமைக்கப் போகிறோம். வண்ணப் படங்களைக் கண்டதும் உண்மையைக் கண்டுவிட்டதாக எண்ணிவிடலாகாது. ஒரேயோர் ஆர்டரை எடுத்துக் கையால் கூட்டிப் பாருங்கள்; பொட்டலம் கட்டுகிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு, கண்ணாடி காட்டுவது நம் வீட்டு முகமே ஆனாலும் அதைத் திருப்பி வைக்காதீர்கள். வகுப்பறையில் கற்ற கூட்டலுக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை நான் தறிக்குழியின் ஓரத்தில்தான் கற்றேன்.