கார்த்திக மாதமும் கடைசி மருமகள் போலியும்

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தெலுங்கர்களுக்குக் கார்த்திக மாதம் பிறக்கிறது. தமிழரின் கார்த்திகை சூரியக் கணக்கு. தெலுங்கர்களுடையது சந்திரக் கணக்கு. பாட்யமி எனும் பிரதமையில் தொடங்கி அமாவாசையில் முடியும்.

திங்கட்கிழமைதோறும் சிவனுக்கு விரதம். பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலையில் நட்சத்திரத்தைப் பார்த்த பிறகே சாப்பாடு. அமராவதி, திராட்சாராமம், சாமல்கோட்டை, பீமாவரம், பாலகொல்லு என்ற ஐந்து பஞ்சாராமக் கோயில்களிலும் கூட்டம் அலைமோதும். நெல்லி மரத்தடியில் உறவினரோடு உண்ணும் வனபோஜனமும் இந்த மாதத்தில்தான். பௌர்ணமியன்று ஆண்டின் நாளுக்கொன்றாக 365 திரிகளை நெய்யில் நனைத்து ஏற்றுவார்கள்.

மாதத்தின் நிறைவு இன்னும் அழகு. அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் பெண்கள் வாழைப்பட்டையில் விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். அது போலி என்ற கடைசி மருமகளின் நினைவு. மாமியார் அவளை வீட்டில் விட்டுவிட்டு மற்ற மருமகள்களோடு ஆற்றுக்குப் போய்விடுவாள். விளக்கேற்ற எதுவும் வைக்கவில்லை. போலி, உதிர்ந்து கிடந்த பஞ்சைத் திரித்து, மத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயை வழித்து விளக்கேற்றுவாள். சொர்க்கத்திலிருந்து விமானம் அவளைத் தேடித்தான் வந்தது என்கிறது கதை.

வசதியை அல்ல, மனத்தைப் பார்க்கும் விரதம் இது. கோதாவரிக் கரையிலோ கிருஷ்ணைக் கரையிலோ விளக்கு விடப் போகிறவர்கள் தெர்மோகோல் தட்டை வாங்காதீர்கள். வாழைப்பட்டையே போதும், ஆறும் பிழைக்கும்.