பத்திரத்தில் எழுதாத பாதை

எங்கள் ஊருக்குக் காற்று புதிதன்று. தென்காசிக்கும் சுரண்டைக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமி அது. வைகாசி பிறந்துவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இறங்கத் தொடங்கும். சாரலையெல்லாம் குற்றாலத்திற்குக் கொடுத்துவிட்டு எங்களிடம் வெறுங்கையோடு வந்து சேரும். ஆடி மாதத்தில் முற்றத்தில் அமர்ந்து உண்ண இயலாது. சோற்றில் மண் விழும். என் தாயார் முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, காயப்போட்ட துணிகளைத் துரத்திப் பிடித்த காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. இந்தக் காற்றை எவரேனும் விலை கொடுத்து வாங்க வருவார்கள் என்று அந்நாளில் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

என் தந்தையாருக்கு ஊரின் மேற்கே நான்கு ஏக்கர் புஞ்சை இருந்தது. ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பார். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை நன்றாக விளையும். நிலத்தின் நடுவே தென்வடலாக ஒரு பாதை சென்றது. அதற்கு அப்பால் குடியிருந்த கோனார் வீட்டார் தங்கள் ஆடுகளைக் குளத்திற்கு ஓட்டிச் செல்லும் வழி அது. எந்தப் பத்திரத்திலும் அப்பாதை இல்லை. என் பாட்டனார் காலத்திலேயே ஆடுகள் அவ்வழியே போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அறுவடை முடிந்ததும் எங்கள் நிலத்தில் அவர்கள் கிடை போடுவார்கள். அதற்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

2005-ஆம் ஆண்டில் தரகர் ஒருவர் ஊருக்குள் வந்தார். அப்போது நான் வளைகுடாவில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஏக்கருக்கு 35,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள் என்று அத்தா தொலைபேசியில் தெரிவித்தார். அவர் குரலில் விருப்பம் இல்லை. “விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் அத்தா? கொடுத்துவிடுங்கள்” என்றேன். அட்டையில் காசு தீர்ந்துகொண்டிருந்த அவசரம் எனக்கு.

அத்தா மூன்று ஏக்கரைக் கொடுத்தார். ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டார். கையெழுத்திடுமுன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஆட்டுப்பாதை அப்படியே இருக்க வேண்டும்.” தரகர், “அதற்கென்ன ராவுத்தரே, பாதையை யார் சுருட்டிக்கொண்டு போகப்போகிறார்கள்?” என்று சிரித்தாராம். அத்தா அந்த வார்த்தையை நம்பினார். வாயால் சொன்னதைக் காகிதத்தில் கேட்பது அவருடைய தலைமுறையில் அவமரியாதை.

அவ்வட்டாரத்தில் அந்நாட்களில் பெரும்பாலும் நடந்தது யாதெனில், தரகர்கள் ஏழை உடைமையாளர்களிடம் ‘பவர்’ எழுதி வாங்கி, நிலங்களை ஒன்றுசேர்த்து, காற்றாலை நிறுவனங்களுக்கு உயர்ந்த விலைக்கு விற்றார்கள். எங்கள் நிலம் இறுதியில் என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பின்னாளில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். நாங்கள் பெற்றதைப்போல் நான்கு மடங்கு.

மறு ஆண்டே எங்கள் நிலத்தில் ஒன்றேகால் மெகாவாட் இயந்திரம் எழுந்து நின்றது. எழுபது மீட்டருக்கு மேல் உயரம். ஒவ்வோர் இறக்கையும் முப்பது மீட்டருக்கு மேல் நீளம். நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் அத்தகைய இயந்திரம் ஆண்டுக்கு 20 இலட்சம் யூனிட்டுக்கு மேல் தரும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது கணக்கு. எங்கள் சோற்றில் மண்ணள்ளிப் போட்ட ஆடிக்காற்றுக்குத்தான் அவ்வளவு மதிப்பு. 2006-இல் புதிய காற்றாலைகளின் மின்சாரத்திற்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. பெருக்கிப் பார்த்தால், ஓராண்டு வருமானம் அரைக் கோடியைத் தாண்டும். மூன்று ஏக்கருக்கு அத்தா பெற்றது 1,05,000 ரூபாய். இயந்திரத்திற்குப் பல கோடி முதல் போட்டவரின் கணக்கு வேறு என்பதையும் நான் அறிவேன். முதலாண்டிலேயே எண்பது சதவீதம் தேய்மானக் கழிவு என்ற வருமானவரிச் சலுகைக்காகவே காற்றாலை நிறுவிய ஆலை முதலாளிகளும் அக்காலத்தில் உண்டு. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை அரசுக் கம்பி வழியே கொண்டுபோய் கோயம்புத்தூரில் தங்கள் நூற்பாலையை ஓட்டிக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது.

இயந்திரம் நின்ற சில மாதங்களில் நிலத்தைச் சுற்றி அகழி வெட்டி முள்கம்பி போட்டுவிட்டார்கள். பாதை அடைபட்டது. கோனார் வீட்டு ஆடுகள் தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு குளத்திற்குப் போகவேண்டியதாயிற்று. ஒரு நாள் லாரியில் அடிபட்டு ஐந்து ஆடுகள் மாண்டன. பெரிய கோனார் அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “விற்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ராவுத்தரே” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாராம். அதன்பின் எங்கள் வீட்டுப் படியில் அவர் கால் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீதமிருந்த ஒரு ஏக்கரில் கிடையும் போடவில்லை.

இதை அத்தா எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். “அமானத்தைக் காக்கத் தவறிவிட்டேன் என்று மனம் அடித்துக்கொள்கிறது. நீ வந்து ஏதேனும் செய்” என்ற வரியைப் படித்தேன். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தேன். மூன்றாண்டுகள் கழித்து 2010-இல், அத்தாவின் ஜனாஸாவுக்குப் பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தேன். அடக்கத்தின்போது பெரிய கோனார் பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கடைசிவரை நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

தென்காசியில் வழக்கறிஞரைப் பார்த்தேன். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த பாதைக்கு உரிமை கோரலாம்; ஆனால் பாதை தடைபட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும் என்றார். “எப்போது அடைத்தார்கள்?” என்று கேட்டார். ஆண்டைச் சொன்னேன். அவர் கட்டை மூடினார். என் பெட்டியில் அத்தாவின் கடிதம் மடித்தபடியே கிடந்த நாட்களை அன்று விரல்விட்டு எண்ணினேன்.

ஊரில் வேறொரு பேச்சும் இருந்தது. காற்றாலைகள் மேகத்தைக் கலைத்துவிடுகின்றன, அதனால்தான் மழை இல்லை என்பார்கள். நான் இதை நம்புவதில்லை. நூறு மீட்டர் உயரத்திற்குச் சற்று மேலே முடிந்துபோகும் இறக்கை, அதற்கும் வெகு உயரத்தில் திரளும் மழை மேகத்தை என்ன செய்துவிடும்? மேலும், எங்களுக்கு விதைப்பு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதத்து வடகிழக்குப் பருவம். அந்நாட்களில் இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஓய்ந்தே நிற்கும். ஆயினும், ஒரு மழைநாளில் குளக்கரை வரை நடந்து பார்த்தபோது அந்தப் பேச்சின் வேர் புரிந்தது. பளுத்தூக்கி வண்டிகள் வருவதற்காகச் சரளை கொட்டி உயர்த்திய சாலை, ஓடையின் குறுக்கே போயிருந்தது. கீழே வைத்திருந்த குழாய் ஒரு குடம் நுழையும் அளவுதான். தண்ணீர் சாலையின் மேற்புறமே தேங்கி நின்றது. மக்கள் கண்ட வறட்சி பொய்யன்று. காரணத்தை மட்டும் வானத்தில் தேடிவிட்டார்கள். 

2012-இல் கடும் மின்வெட்டு வந்தது. நாளின் பெரும்பகுதி விளக்கில்லாமல் கிடந்தோம். மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வைத்துப் படிக்க, ஊருக்கு மேற்கே இயந்திரத்தின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

இவ்வளவும் சொன்னதால் நான் காற்றாலைக்கு எதிரி என்று வாசகர்கள் கருதவேண்டாம். நிலக்கரி எரிக்காமல், புகை விடாமல் மின்சாரம் கிடைப்பது இறைவனின் அருட்கொடையே. 1986-இல் தூத்துக்குடி அருகே சோதனை முயற்சியாகத் தொடங்கியது, இன்று தமிழகத்தில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைப் பற்றி எண்ணும்போதுதான் எனக்கு ஏக்கம் பிறக்கிறது. அவர்களும் நம்மைப்போன்ற கிராமத்தார்தாம். 2006-இல், எங்கள் நிலத்தில் இயந்திரம் எழுந்த அதே ஆண்டில், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் சொந்தமாகவே நிறுவினார்கள். ஊரின் மின்தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்திற்கே விற்றார்கள். நாங்களோ, தரகர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கைநாட்டு வைத்தோம்.

இப்போது மீண்டும் அளவையாளர்கள் வந்திருக்கிறார்கள். பழைய காற்றாலைகளை மாற்றிப் புதுப்பிப்பதற்கென 2024-இல் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. எங்கள் நிலத்து இயந்திரத்திற்கும் இருபது வயதாகிறது. அதனை இறக்கிவிட்டுப் பெரிய இயந்திரம் நிறுத்த எண்ணமாம். புதிய இறக்கைகள் மிக நீளமானவை. அவற்றை ஏற்றிவரும் வண்டி வளைந்து திரும்புவதற்கு அத்தா வைத்துவிட்டுப்போன அந்த ஒரு ஏக்கர் வேண்டும். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து என் மகன் அழைத்தான். “சும்மா கிடக்கிற நிலம்தானே அத்தா, கொடுத்துவிடுங்கள்” என்றான். எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

விற்பதில்லை, குத்தகைக்குத் தருகிறேன் என்று நிறுவனத்தாரிடம் தெரிவித்தேன். மூன்று நிபந்தனைகள் வைத்தேன். ஓடைக்குக் குறுக்கே முறையான பாலம் கட்டவேண்டும். அவர்கள் வசமுள்ள மூன்று ஏக்கரின் ஊடே ஆட்டுப்பாதையைத் திறந்துவிடவேண்டும். அந்தப் பாதை பத்திரத்தில் அளவோடு எழுதப்பட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவேண்டும்.

பெரிய கோனார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவருடைய மகனைத் தேடிப்போய்ச் சொன்னேன். தொழுவத்தில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. மறுநாள் அஸருக்குப் பின் ஒரு கயிற்றுச் சுருளோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“வாங்க மாமா, அளந்துவிடுவோம்” என்றார்.

வேலி ஓரமாக இருவரும் நடந்தோம். நான் பன்னிரண்டு அடி என்று குறித்திருந்தேன். அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். “பதினாறாக எழுதுங்க. ஒரு கிடை போகும்போது இன்னொரு கிடை எதிரே வந்தால் ஒதுங்க இடம் வேண்டும்.”

பதினாறு என்று திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாக நிறுவனத்தார் கூறியுள்ளனர். இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.