மணியாச்சியில் இறங்குங்க... வசந்தம் நிக்குது!

'வசந்தம்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? பனி உருகும் மலை, பூப்பூவாகப் புல்வெளி, ஸ்லோமோஷனில் ஓடிவரும் ஹீரோயின்... கரெக்டா? அதெல்லாம் சுவிட்சர்லாந்து டூயட் வசந்தம் பாஸ்! நம்ம ஊர் வசந்தத்தைப் பார்க்கணுமா? கோவில்பட்டியில் ரயில் ஏறுங்க. கடம்பூரில் ஒரு போளியை வாங்கி ருசித்துக்கொண்டே வந்து, வாஞ்சி மணியாச்சி ஜங்ஷனில் இறங்கிடுங்க.

"கரிசல் காட்டுல வசந்தமா?" என்று சிரிக்காதீங்க. நானும் அப்படிச் சிரித்தவன்தான். காலேஜ் படித்த மூன்று வருஷமும் தூத்துக்குடிக்கு ரயில் மாறுவதற்காக இந்த பிளாட்ஃபார்மில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம் என்பதைத் தவிர, இந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கடைசி வருஷம், மாசி மாதக் கடைசியில், ரயில் லேட் ஆன ஒரு காலையில்தான் முதன்முறையாக ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்தேன். வாங்க, உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

முதல்ல தரையைப் பாருங்க. ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொண்ட அதே மண், இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கரிசலில் இருக்கும் களி, தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதான் இந்த வெடிப்பு. உளுந்தும் பாசியும் எடுத்த காடு மொட்டையாக நிற்கிறது. அங்கங்கே பருத்தி மட்டும் வெள்ளையாகச் சிரிக்கிறது. வசந்தத்தைத் தரையில் தேடினீங்கன்னா, ஏமாந்துபோய் அடுத்த ரயிலைப் பிடிச்சுடுவீங்க!

இப்போ அண்ணாந்து பாருங்க. அந்த வேம்பு பாதி இலையைக் கொட்டிவிட்டது. ஆனால் கிளை நுனியில், செம்பு நிறத்தில் பளபளவென்று கொழுந்து! மழை பெய்து மாதக் கணக்காகிறது. அடுத்த பெரிய மழைக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. இந்த மரத்துக்கு எங்கேயிருந்து வந்தது இவ்வளவு தைரியம்? ஆழமாகப் போன வேர், அடியில் மிச்சமிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. மேலே பகல் நீள்கிறது, வெயில் ஏறுகிறது. அது போதும், துளிர்த்துவிடுகிறது.

பக்கத்துப் பனையில் பாளை எட்டிப் பார்க்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம் மேலே ஏறும், பதனீர் கீழே இறங்கும்.

கரண்ட் கம்பியில் பார்த்தீங்களா, பனங்காடை? உட்கார்ந்திருக்கும்போது சுமார் ஃபிகர். சிறகை விரித்தால் நீலத்தில் அசத்தும்! விர்ரென்று உயரே போய், காற்றில் புரண்டு புரண்டு கீழே விழுகிறது. எல்லாம் ஜோடியை இம்ப்ரெஸ் பண்ணத்தான். காலேஜ் வாசல்ல பைக்கை ஒத்தைச் சக்கரத்துல ஓட்டுற நம்ம பசங்க ஞாபகம் வருதா?

அதோ, ரோஸ் உடம்பும் கறுப்புத் தலையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறதே, அது சூறைக்குருவி. மத்திய ஆசியாவிலிருந்தெல்லாம் குளிருக்குத் தப்பி வந்த விருந்தாளிகள். இங்கே வெயில் ஏறியதும் மூட்டை கட்டுகிறார்கள். அவங்களுக்கு வசந்தம்னா செமஸ்டர் லீவு மாதிரி... ஊருக்குக் கிளம்பும் நேரம்.

அன்றைக்கு அந்த வேம்படியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றார். கொழுந்தைக் காட்டினேன். "ஆமா, துளிர்த்தாச்சு. இனிமே பூ எடுக்கும், குயிலு கத்தும், சித்திரைக்கு வேப்பம்பூ ரசம் வைக்கலாம்" என்றவர், சட்டென்று கேட்டார்: "இதெல்லாம் உங்க காலேஜ்ல எழுதி வைப்பாகளா?"

திருதிருவென முழித்தேன்.

ஜப்பானின் கியோட்டோ நகரத்தில், செர்ரி பூக்கும் நாளைப் பற்றிய குறிப்புகள் 1,200 வருஷத்துக்கு இருக்கின்றன. ராஜாக்களும் துறவிகளும் டைரியில் எழுதிவைத்தது! அதனால்தான் 2021 மார்ச் 26-ல் பூ உச்சத்துக்கு வந்தபோது, இத்தனை நூற்றாண்டுப் பதிவில் இதுதான் ரொம்ப சீக்கிரம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பூமி சூடாவதற்கு அது ஒரு சாட்சி. நம்ம வேம்பு முன்னைவிட சீக்கிரம் பூக்குதா, லேட்டா? அந்தக் கணக்கு ஆடு மேய்க்கும் பெரியவரின் மனசில் இருக்கிறது. அவருக்கு அப்புறம்?

இந்தியாவிலும் 'சீசன்வாட்ச்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரா வாரம் அதன் துளிர், பூ, காய் விவரத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அவ்வளவு சீரியஸா வேணாமா? ஓகே. உங்க கேன்டீன் பக்கத்தில் ஒரு வேம்பாவது இருக்குமே? நோட்டின் கடைசிப் பக்கத்தில் (ஹார்ட்டின் வரையும் அதே பக்கம்தான்!) முதல் கொழுந்து என்றைக்கு, முதல் பூ என்றைக்கு என்று தேதி போடுங்க. மூன்று வருஷம் படித்தால் மூன்று வசந்தம். படிப்பு முடிந்து போகும்போது, அந்தப் பக்கத்தை ஜூனியரிடம் கொடுத்துட்டுப் போங்க.

எனக்கும் மூன்று வசந்தம் கிடைத்தது. ஆனால், என் நோட்டில் இருப்பது ஒரே ஒரு தேதி. அதுவும் ரயில் லேட் ஆனதால் கிடைத்தது!