பாதமலை ஏறும் பாட்டிமார்

இலங்கையில் நான்கு சமயத்தவரும் தங்களுடையது என்று உரிமையோடு சொல்லும் மலை ஒன்று இருக்கிறது. சைவர்களுக்கு அது சிவனொளிபாதமலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. முஸ்லிம்கள் பாவாதமலை என்பர். ஆதித் தந்தை ஆதாமின் பாதம் பதிந்த இடம் என்பது அவர்களிடமும் கிறிஸ்தவர்கள் பலரிடமும் உள்ள நம்பிக்கை. 1344ஆம் ஆண்டில் இங்கே வந்த யாத்திரிகர் இப்னு பதூதா, இம்மலையில் ஏறியதையும் பாறையில் பொருத்தப்பட்டிருந்த சங்கிலிகளைக் கண்டதையும் தமது பயண நூலில் குறிப்பிட்டுள்ளார்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். மார்கழியில் வரும் உந்துவப் பௌர்ணமி தொடக்கம் வைகாசியில் வரும் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். ஹட்டனில் பஸ் ஏறி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்றால், அங்கிருந்து ஏறக்குறைய 5,500 படிகள். போகும் வழியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயில்கள் தலைகாட்டும்.

சூரியோதயத்தையும், அந்த வேளையில் மேற்கே முக்கோணமாக விழும் மலையின் நிழலையும் பார்க்கத்தான் பெரும்பாலானவர்கள் இரவோடிரவாக ஏறுகிறார்கள். 2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நாங்கள் போனபோது, என் கண்ணில் நிறைந்து நின்றவர்கள் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த பாட்டிமார்தான்.

யார் இந்தப் பாட்டிமார்?

வெள்ளைச் சேலை, கையில் ஒரு பொல்லு, தோளில் ஒரு துணிப்பை. அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு படி ஏறுவார்கள், நிற்பார்கள், மூச்சு வாங்குவார்கள், மறுபடியும் ஏறுவார்கள். பாய்ந்து பாய்ந்து எங்களைக் கடந்து போன இளைஞர்கள் பலர் அடுத்த தேநீர்க் கடையில் கால்களைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள். பாட்டிமாரோ ஒரே வேகத்தில் அவர்களையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிங்கள யாத்திரிகர்கள் கூட்டமாக வருவதை 'நடே' என்பார்கள். அந்தக் கூட்டத்தை வழிநடத்துபவர் 'நடே குரா'. பலமுறை மலை ஏறி அனுபவப்பட்ட மூத்தவருக்கே அந்தப் பொறுப்புக் கிடைக்கும். முதன்முறை வருபவர்கள், எவ்வளவு படித்தவர்களாயிருந்தாலும், அவர் சொல் கேட்டுத்தான் நடக்க வேண்டும். மேலிருந்து இறங்கி வருபவர்கள் ஏறுபவர்களை வாழ்த்திப் பாடிக்கொண்டு வருவார்கள். வயதானவர்களைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். வீட்டில் 'பாவம், வயது போய்விட்டது' என்று சொல்லப்படுகிற ஒருவர், இந்தப் படிகளில் எல்லோராலும் மதிக்கப்படுபவராகி விடுகிறார்.

சீத கங்குலைக்கு அருகில் களைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இதற்காக எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டேன். அவருக்கு வயது எழுபத்தொன்று. கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. தயாராவதற்கு என்ன இருக்கிறது என்று சிரித்தார். வயல் வரம்பில் நடக்கிறேன், கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறேன், பன்சலைக்குப் படியேறிப் போகிறேன், அவ்வளவுதான் என்றார். வருடம் முழுவதும் செய்துவந்த வேலைகள்தாம் அவருடைய பயிற்சி. மலை அவருக்கு வருடாந்தப் பரீட்சை மாதிரி.

உட்கார வைக்கும் அன்பு

எங்களோடு வந்த என் மூத்த அக்காவுக்கு அறுபத்தாறு வயது. அத்தான் இறந்தபின் கொழும்பில் மகளோடு இருக்கிறா. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தா. எலும்பு முறியவில்லை, கண்டல் காயம் மட்டும். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரே பல்லவி: "அம்மா, நீங்கள் இருங்கோ, நாங்கள் பார்க்கிறம்." தேங்காய் துருவ விடமாட்டார்கள். கடைக்குப் போக விடமாட்டார்கள். தண்ணீர்க் குவளைகூடக் கைக்கு வந்துவிடும். எல்லாம் அன்பினால்தான்.

ஆறு மாதம் போனது. கதிரையில் இருந்து எழும்ப இரண்டு கைகளாலும் ஊன்ற வேண்டிய நிலை அக்காவுக்கு வந்துவிட்டது. நடக்கும்போது சுவரைத் தேடினா. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் நடையைக் குறைத்தா. நடை குறையக் குறையக் கால்கள் இன்னும் பலமிழந்தன. விழுந்ததனால் வந்த பாதிப்பைவிட, விழுந்தபின் இருத்தி வைத்ததனால் வந்த பாதிப்பே பெரிது.

இதற்கு மருத்துவம் தரும் விளக்கம் தெளிவானது. முப்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் நமது தசையில் 3 முதல் 8 வீதம் வரை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அது இன்னும் வேகமாகும். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பும் விரைவாகத் தேய்கிறது. இதன்மேல் ஓய்வு என்ற பெயரில் அசைவையும் நிறுத்தினால் என்ன நடக்கும்? 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சுகதேகிகளான முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோகிராம் தசையை இழந்திருந்தார்கள். ஒரு சிறு காய்ச்சலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ பிறகு நம் வீட்டு முதியவர்கள் எத்தனை வாரம் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இழந்ததைத் திரும்பப் பெறவும் முடியும். 1990ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்குக் கால்களைப் பலப்படுத்தும் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரம் பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசை அழைப்பைக் கேட்கிறது என்றால், அறுபதில் 'இனி என்ன' என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

எட்டு மாத ஆயத்தம்

அக்காவைப் பரிசோதித்த வைத்தியர் முதலில் கேட்டது, "கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்புங்கோ பார்ப்பம்" என்றுதான். முடியவில்லை. அதையே அவர் பயிற்சியாகவும் கொடுத்தார். உயரமான கதிரையில் இருந்து காலையில் ஐந்து தரம், மாலையில் ஐந்து தரம் எழும்பி இருக்க வேண்டும். சில வாரங்களின்பின் அது பத்தானது. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி நிற்பது, ஒரு காலில் பத்து எண்ணும்வரை நிற்பது என்பன பிறகு சேர்ந்தன. அயல் வீட்டுப் பெண்கள் இருவரோடு காலை நடையும் தொடங்கியது.

அந்த நடையும் இலேசில் அமையவில்லை. தெருநாய்கள், உடைந்த நடைபாதை, 'இந்த வயதில் இவவுக்கு என்ன உலாத்தல்' என்று பார்க்கும் கண்கள். மூன்று பேராகப் போனதால் மூன்றையும் சமாளிக்க முடிந்தது. நான்காம் மாதம் மாடிப்படிகள். ஏழாம் மாதம் சந்தைப் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தா. எட்டாம் மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை, பாதமலைக்குப் போறியாமே, நானும் வரட்டோ?" என்று கேட்டா.

மலையின் பெண்கள்

சீத கங்குலையைத் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் அக்கா நின்றுவிட்டா. கால் நோகுதோ என்று கேட்டேன். "நோகேல்லை. இறங்கவும் கால் வேணும்தானே. இண்டைக்கு இவ்வளவு போதும்" என்றா. மகளும் தாயோடு அங்கே இருந்துவிட, நான் மற்றவர்களோடு மேலே போனேன்.

அக்கா சொன்னது முழு உண்மை என்பது திரும்பும்போது எனக்குத் தெரிந்தது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒவ்வொரு படியிலும் முழங்காலில் விழும். தொடைத் தசை நீண்டபடியே அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிற கால் நோவுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இறக்கம்தான். ஏறும் பலம் தீர்ந்தபின் திரும்ப நினைப்பதைவிட, இறங்கும் பலம் மிச்சமிருக்கும்போதே திரும்புவதுதான் புத்தி.

அந்தக் கடையை நடத்திய அம்மா, பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "வாங்கம்மா, ஒக்காருங்க" என்று சூடாகப் பிளேன்டீ தந்தார். "நீங்கள் தினமும் மலை ஏறினவர்கள், உங்களுக்கு இது விளையாட்டுத்தானே?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்புடி இல்லம்மா. கூடையோட மழையில ஏறி எறங்குனதுல முழங்கால் தேஞ்சு போச்சு. ஒடம்பு அசையணும், வாஸ்தவந்தான். ஆனா அசைஞ்ச ஒடம்புக்கு நல்ல சாப்பாடும் தூக்கமும் வேணுமில்ல?"

இந்தச் சொற்களை நாம் மறந்துவிடக் கூடாது. உடற்பயிற்சி வேறு, உடம்பை உருக்கும் உழைப்பு வேறு. பயிற்சியின்பின் ஓய்வு கிடைக்கிறது. அளவை நாமே தீர்மானிக்கிறோம். வாழ்நாள் முழுவதும் மலைச்சரிவில் பாரம் சுமந்த ஒரு பெண்ணிடம் 'நீங்கள் நன்றாக உடற்பயிற்சி செய்திருக்கிறீர்கள்' என்று சொல்வது அறியாமை. அவருக்கு வேண்டியது முழங்காலுக்கான சிகிச்சை, சத்தான உணவு, இதமான அசைவு.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை மலை ஏறினோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். நான் ஒரு தடவை அடித்துவிட்டு விலகினேன். என் பின்னால் வந்த பாட்டி ஒருவர் அடிக்கத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் எண்ணினார்கள். பதினெட்டு! யாரும் அவசரப்படுத்தவில்லை.

மலை இல்லாத ஊரில்

எல்லோரும் பாதமலைக்குப் போக வேண்டியதில்லை. இருதய நோய், கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனை இல்லாமல் இத்தகைய ஏற்றத்துக்குப் போகக் கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், வழியில் சீனி குறைந்தால் உடனே சாப்பிட இனிப்பான ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும். உச்சியில் குளிர் கடுமை. கம்பளிச் சட்டையும் வழுக்காத சப்பாத்தும் அவசியம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் போதும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு, அதாவது நாளுக்கு அரை மணித்தியாலம் விறுவிறுப்பான நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இவற்றோடு, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். விழாமல் காப்பது அதுவே.

நமது பாட்டிமார் காலத்தில் அம்மியும் உரலும் கிணறும் திருவலையும் இதையெல்லாம் செய்வித்தன. மின்சார அரைப்பானும் குழாய் நீரும் வந்தது நல்லதே. அந்தக் கஷ்டத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவை எடுத்துக்கொண்ட அசைவை நாம் வேறு வழியில் உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அதன்பின் இந்தப் பங்கு வளர்ந்துகொண்டே வருகிறது. அவர்களில் பெண்களே அதிகம். நாம் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறோம். அந்த மேலதிக வருடங்களைக் கட்டிலில் கழிப்பதா, சொந்தக் காலில் கழிப்பதா என்பதில் நாற்பது, ஐம்பது வயதில் நாம் எடுக்கும் முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் வயதான அம்மா, மாமி, பெரியம்மா இருந்தால், அவர்கள் கையில் இருந்து வேலை எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்துங்கள், ஈரத் தரையைத் துடையுங்கள், படியில் வெளிச்சம் போடுங்கள். அதன்பின் அவர்களை நடக்க விடுங்கள். 'இருங்கோ அம்மா' என்று சொல்லும் நாவினால், 'வாங்கோ அம்மா, சந்திவரை போயிட்டு வருவம்' என்றும் ஒரு நாளைக்கு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.