எட்டு நாள் தாய்வீடு

நெதர்லாந்துக்கு வந்த நம்ம பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, மொதல்ல சொல்றது இதாத்தான் இருக்கும்: "எதுக்கெடுத்தாலும் அப்பாயிண்ட்மெண்ட் கேக்குறாய்ங்கப்பா!" பக்கத்து வீட்ல ஒரு காபி குடிக்கணும்னாலும் டைரியப் புரட்டிட்டு "அடுத்த வியாழக்கிழமை பத்தரைக்கு வர்றீங்களா?"ம்பாங்க. போனா காபியோட ஒரு பிஸ்கட் வரும். ஒண்ணே ஒண்ணு :-) சாயங்காலம் ஆறு மணிக்கு சாப்பாட்டு நேரம். அப்ப போய் பெல் அடிச்சீங்கன்னா மூஞ்சியிலயே பதில் தெரிஞ்சுரும்.

பழங்காநத்தத்துல எங்க வீட்டு வாசக்கதவ ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும்தான் சாத்துவோம். அங்க வளந்துட்டு ஐந்தோவன்ல வந்து பொட்டி தட்டிக்கிட்டு இருக்குறவன் நான். மூணு வருஷமா "பாசமில்லாத பயலுக"ன்னுதான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். போன மார்ச் மாசத்தோட அந்தப் பேச்ச நிறுத்திட்டேன். அந்தக் கதைதான் இது.

தங்கமணிக்கு தலைப்பிரசவம். அவங்கம்மா இல்லை, இவ காலேஜ் படிக்கும்போதே தவறிட்டாங்க. அதனால எங்கம்மா இங்க வந்து பாத்துக்கிறதா ஏற்பாடு. விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது அப்பா மாடிப்படியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன். அம்மா போன்ல அழுறாங்க, இந்தப் பக்கம் இவ பேசாம உக்காந்திருக்கா. எனக்கு வெந்நி வைக்கிறதுக்கு மேல சமையலே தெரியாது.

இந்த ஊர்ல "க்ராம்சோர்க்"னு ஒண்ணு இருக்கு. பிரசவம் ஆன வீட்டுக்கு பயிற்சி எடுத்த ஒரு நர்ஸம்மா தினமும் வந்து தாயையும் பிள்ளையையும் பாத்துக்குவாங்க. எல்லாரும் கட்டாயம் எடுத்தாகணும்கிற அடிப்படை மருத்துவக் காப்பீட்டுலயே இது சேர்த்தி. மணிக்கு சில யூரோ மட்டும் நாம போடணும். வழக்கமா எட்டு நாள்ல 49 மணி நேரம். தேவையப் பொறுத்து 24 லேர்ந்து 80 வரைக்கும் போகும். இதையும் நாலாவது மாசமே புக் பண்ணணும்னு மிட்வைஃப் சொன்னப்ப, "பிரசவத்துக்குமா அப்பாயிண்ட்மெண்ட்?"னு சிரிச்சேன். நல்லவேளை, சிரிச்சுக்கிட்டே புக் பண்ணி வச்சேன்.

காலைல பொண்ணு பொறந்தா, சாயங்காலமே ஆஸ்பத்திரியில "வீட்டுக்குப் போலாம்"னுட்டாங்க. மறுநாள் காலைல பெல் அடிச்சுது. அறுபது வயசு இருக்கும் அந்தம்மாவுக்கு. சைக்கிள்ல வந்திருந்தாங்க. உள்ள வந்ததும் கட்டில் உயரத்தத்தான் பாத்தாங்க. 80 சென்டிமீட்டர் இருக்கணுமாம், இல்லேன்னா குனிஞ்சு குனிஞ்சு அவங்க முதுகு போயிரும். கட்டை வாங்கி காலுக்கடியில குடுத்து ஏற்கெனவே தூக்கி வச்சிருந்தேன். டேப் வச்சு அளந்து பாத்துட்டு தலையாட்டினாங்க. அடுத்தவங்க முதுகப் பத்தி ஒரு ரூல் இருக்கிறத அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்புறம் ஆரம்பிச்சது போர். ஒரு பக்கம் அந்தம்மா, இன்னொரு பக்கம் வீடியோ கால்ல எங்கம்மா. நடுவுல மொழிபெயர்ப்பாளனா நான்.

அந்தம்மா ஜன்னலத் திறந்தா, "பச்ச உடம்புக்காரி, காத்து பட்டா ஜன்னி வந்துரும்டா!"ன்னு பழங்காநத்தத்துலேர்ந்து சத்தம். "பிள்ளைக்கு சேனை வைக்கணும், ஒரு சொட்டுத் தேன்"னு அம்மா சொன்னத மொழிபெயர்த்தேன். அந்தம்மா "ஒரு வயசு வரைக்கும் தேன் பக்கமே போகாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையா சொன்னாங்க. சாம்பிராணி கேக்கவே வேணாம், ஸ்மோக் அலாரம் கத்திரும் :-) அம்மாவுக்கு ஒரே ஒரு ஆறுதல், பிள்ளைக்கு சூடு குறையும்போது அந்தம்மா தொட்டில்ல வச்ச வெந்நி பாட்டில். "பரவால்ல, விவரம் தெரியுது"ன்னாங்க.

ரெண்டு பேரும் ராசியானது ஒரு பண்டத்தால. இங்க பிள்ளை பொறந்தா, மொறுமொறுன்னு வட்ட ரஸ்க்குல வெண்ணெய் தடவி, மேல சின்னச் சின்ன சர்க்கரை மிட்டாய் தூவி எல்லாருக்கும் குடுப்பாங்க. பொண்ணுன்னா ரோஸும் வெள்ளையும், பையன்னா நீலமும் வெள்ளையும். பேரு "மௌஷஸ்", சுண்டெலின்னு அர்த்தம். உள்ள சோம்பு மாதிரி ஒரு விதை, பால் நல்லா ஊறும்னு அந்தக் காலத்துலேர்ந்து நம்பிக்கை. அத சொன்னதும் அம்மா, "அட, நாமளும் சோம்புதானடா குடுக்குறோம்!"னு ஒரே சிரிப்பு. அதுக்கப்புறம் அந்தம்மா வந்ததும் "அம்மாவுக்கு போன் போடுங்க"ன்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சாங்க.

பேரு வைக்கிறதும் அவசரம். மூணு நாளுக்குள்ள நகராட்சியில பதியணும். நட்சத்திரம், எழுத்துன்னு ஜோசியர் யோசிக்கிறதுக்குள்ள நான் போய் வரிசையில நின்னுட்டேன்.

நாலாம் நாள் தங்கமணி காரணமே இல்லாம அழ ஆரம்பிச்சா. நிறுத்தவே இல்லை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அந்தம்மா பதறவே இல்லை. "க்ராம்த்ரானன்"னாங்க. பிரசவக் கண்ணீர்னு வச்சுக்கலாம். அதுக்குன்னே இவங்க மொழியில ஒரு சொல் இருக்கு. என்னையப் பாத்து, "பிள்ளையத் தூக்கிட்டு கீழ போ"ன்னுட்டு கட்டில் ஓரத்துல அவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மேல போனா, இவ தூங்கிக்கிட்டு இருக்கா, அந்தம்மா துணி மடிச்சுக்கிட்டு இருக்காங்க. "அவங்க அம்மாவப் பத்திப் பேசினா"ன்னு மட்டும் சொன்னாங்க.

எட்டாம் நாள் நோட்டுல கடைசிப் பக்கத்த எழுதி முடிச்சு, பிள்ளை நெத்தியில ஒரு முத்தம் குடுத்துட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாங்க. திரும்பி வர மாட்டாங்க. அவங்களுக்கு அடுத்த திங்கக்கிழமை வேற வீடு. நமக்கு இதுதான் புரிய மாட்டேங்குது. இவ்ளோ பாசம் காட்டிட்டு எப்படி நேரம் முடிஞ்சதும் போக முடியுதுன்னு அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட பொலம்பினேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "போனாப் போறாங்கடா, வந்தாங்கல்ல?"ன்னாங்க.

"நான் பொறந்தப்ப உன்னைய யாரும்மா பாத்துக்கிட்டா?"

"யாரு இருந்தா? எங்கம்மாதான் என் கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்களே. நாலாம் நாள் அடுப்படிக்குப் போயிட்டேன். அழுகை அழுகையா வரும். என்னத்துக்கு அழுறன்னு உங்க பாட்டி ஏசுவாங்க."

இத்தனை வருஷத்துல நான் இத ஒரு தடவ கூட கேட்டதில்லைங்க.

நம்மூர்ல தாய்வீட்டுச் சீராட்டு மாசக்கணக்குல நடக்கும். மணிக்கணக்கு யாரும் பாக்கிறதில்ல, அதுக்கு ஈடும் கிடையாது. ஆனா அதுக்கு ஒரு தாய் உசுரோட இருக்கணும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணம் வருது, சத்துப் பெட்டகம் வருது. கட்டில் ஓரத்துல உக்கார ஒரு ஆள் அதுல வராது. இங்க 49 மணி நேரம்தான். ஆனா அம்மா இருக்கிறவளுக்கும் அதே 49, இல்லாதவளுக்கும் அதே 49.

போன வாரம் அம்மாகிட்டேர்ந்து பார்சல் வந்துச்சு. பிரசவ லேகியம், பிள்ளைக்கு வசம்பு வளையல். அடியில தனியா ஒரு சுங்குடி சேலை. மேல ஒட்டியிருந்த சீட்டுல "அந்த நர்ஸம்மாவுக்கு"ன்னு எழுதியிருந்தாங்க.

போன் பண்ணினேன். டைரியப் பாத்துட்டு, பதினேழாந்தேதி பத்தரைக்கு காபிக்கு வரச் சொல்லியிருக்காங்க :-)