முதலில் ட்ரம்பெட்டைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் நாங்கள் போய்ப் பார்த்த பாண்ட் அலுமாரிகளில் இரண்டு தட்டு இருந்தது. மேல்தட்டில் ஊதக்கூடிய ட்ரம்பெட்டுகள். கீழ்த்தட்டில் "அது பழுது" என்று ஒதுக்கி வைத்தவை. இல்ல மெய்வல்லுநர் போட்டி வர மேல்தட்டு வெளியே வரும், அணிநடை முடிய உள்ளே போகும். கீழ்த்தட்டை ஒருத்தரும் தொடுவதில்லை. நாங்கள் நாலு பேர், எல்லோருமே பள்ளிக்கூடப் பாண்டில் ஊதினவர்கள், கொஞ்ச காலமாகச் சனிக்கிழமைகளில் அந்தக் கீழ்த்தட்டை எடுத்துப் பார்க்கிறோம். அதில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் உண்மையில் பழுதில்லை.

"புதுசு வாங்குவம்" என்று லேசாகச் சொல்லுற காலமும் இப்ப இல்லை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில் பழைய மாணவர் சங்கம் உள்ள பெரிய பாடசாலைகள் எப்படியோ சமாளிக்கும். மற்றப் பாடசாலைகளுக்குக் கீழ்த்தட்டில் கிடக்கிறதுதான் மிச்சம்.

ட்ரம்பெட் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வழமையான பீ பிளாட் ட்ரம்பெட் என்பது ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த நீளமான பித்தளைக் குழாய், அவ்வளவுதான். மூன்று வால்வும் அந்தக் குழாயை நீட்டுகின்றன. இரண்டாவது அரைச் சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரைச் சுரம். காற்று வழியில் எங்கேயாவது அடைப்பு, எங்கேயாவது ஒழுக்கு, அல்லது எங்கேயாவது இறுக்கம். பிரச்சினை என்று வருவது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான். அதனால் செலவில்லாததில் தொடங்கிச் செலவானதுக்குப் போக வேணும்.

சுவரைப் பார்த்து ஊதின மாதிரிக் காற்றே போகவில்லையா? மூன்று பிஸ்டனையும் கழற்றிப் பாருங்கோ. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று இலக்கம் அடித்திருக்கும். ஊதுகிறவருக்குக் கிட்ட இருக்கிறது 1. யாரோ கழுவிப்போட்டு இடம் மாறிப் போட்டிருந்தால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது, வழி அடைபடும். இலக்கம் சரியாக இருந்தாலும், பிஸ்டனை மெல்லச் சுற்றி "டிக்" என்று அதன் தடத்தில் விழுந்ததா என்று பார்க்க வேணும். "செத்துப்போச்சு தம்பி" என்று எங்களிடம் தந்த ஒரு ட்ரம்பெட்டுக்கு உயிர் வர ஒரு நிமிஷமும் எடுக்கவில்லை.

வால்வு கீழே போய் மேலே வராமல் நிற்கிறதா? அநேகமாக ஊத்தைதான். பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. இளஞ்சூட்டுத் தண்ணியில் கொஞ்சம் பாத்திரம் கழுவுற சவர்க்காரம் விட்டுக் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, வால்வு எண்ணெய் மூன்று நாலு துளி போட்டால் பெரும்பாலும் ஓடும். கொதிதண்ணி கூடாது, மேற்பூச்சு உரிந்து வரலாம். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது. அது நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்தும் போகும், பண்டாரவளையில் ஒரு காலைப்பொழுது போதும்.

மற்றது பொலிஷ். அணிநடைக்கு முதல்நாள் குத்துவிளக்கு மினுக்குற பொலிஷும் புளியும் ட்ரம்பெட்டுக்கும் பூசப்படுவதை நாங்கள் கனக்க இடங்களில் பார்த்திருக்கிறோம். வெளியே மினுங்கும். ஆனால் பொலிஷில் இருக்கிற அராவும் தூள் வால்வுக்குள் போனால் பிஸ்டனைத் தேய்க்கும். மினுங்குகிற ட்ரம்பெட்தான் நல்ல ட்ரம்பெட் என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேணும்.

மவுத்பீஸ் இறுகிப் போச்சு என்றால் உடனே குறடு தேடுவார்கள். குறடு போட்டு முறுக்கினால் மவுத்பீஸ் வராது, அது செருகியிருக்கிற மெல்லிய குழாய்தான் முறுகும். அதைக் கழற்ற மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. நாலு பாடசாலை சேர்ந்து ஒன்று வாங்கினாலே காணும். உள்ளங்கையால் மவுத்பீஸில் அடித்து "பொப்" என்று சத்தம் எழுப்புற பழக்கத்தை விட்டால், பாதி நாள் அதுகூடத் தேவைப்படாது. ஸ்லைட் இறுகினால் துருவெண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்து, அந்த ஸ்லைட்டுக்குரிய வால்வை அழுத்திக்கொண்டு, வளைவுக்குள்ளால் துணியைக் கொளுவி நேராக இழுக்க வேணும். வந்தபிறகு துடைத்து வஸ்லின் பூசினால் சரி.

எங்களை எழுத வைத்தது ஒழுக்குத்தான். அடைப்பு எல்லாருக்கும் தெரியும், ஒழுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. ட்ரம்பெட் ஊதும், ஆனால் சோர்ந்து ஊதும். மேல் சுரங்கள் பிடிபடாது, மூச்சு வீணாகும். கேட்கிற ஆள் என்ன சொல்லுவார்? "பிள்ளைக்கு மூச்சுக் காணாது."

ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு இதுதான் நடந்தது. அவளுக்குக் கொடுத்த ட்ரம்பெட்டில் வோட்டர் கீயின் அடியில் இருக்கிற கோர்க் தேய்ந்து பாதியாகி இருந்தது. எச்சில் தண்ணி வடிய விடுகிற அந்தத் துளையால் ஊதுற காற்றும் போய்க்கொண்டிருந்தது. ஒரு தவணை முழுக்க முயற்சி செய்தாள். பிறகு "பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவராது, சிம்பலுக்குப் போ" என்று மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் பாண்டையே விட்டாள். அவளுக்குப் பிறகு அதே ட்ரம்பெட்டை ஊதின பெடியனுக்கும் வரவில்லை. அப்போதுதான் "ட்ரம்பெட் பழுது" என்று கீழ்த்தட்டுக்குப் போனது. பெடியன் ஊத வராவிட்டால் ட்ரம்பெட்டில் பிழை, பிள்ளை ஊத வராவிட்டால் பிள்ளையில் பிழை. இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

கண்டுபிடிக்கிறது சுகம். ஒருவர் ஊத இன்னொருவர் வோட்டர் கீயை விரலால் இறுக்கி அமத்த வேணும். சத்தம் திடீரென்று தெளிந்தால் அங்கேதான் ஒழுக்கு. சவர்க்கார நுரை பூசி ஊதினாலும் குமிழி காட்டிக்கொடுக்கும். போத்தல் கோர்க்கில் ஒரு வட்டம் பிளேட்டால் வெட்டி ஒட்டினோம். செலவு கிட்டத்தட்டச் சுழியம். வால்வு ஒழுகுதா என்று பார்க்க, கழுவி எண்ணெய் போட்டபிறகு முதலாம் வால்வை அழுத்தாமல் முதலாம் ஸ்லைட்டை இழுத்துப் பாருங்கோ. "பொப்" என்று சத்தம் வந்தால் நல்லது.

கையால் செய்ய ஏலாததும் இருக்கிறது. இரண்டாம் ஸ்லைட் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் அடிபட்டால் நடு வால்வின் கூடு நெளியும், பிஸ்டன் சிக்கும். அதுக்கு எமரித் தாள் போட்டால் கதை முடிந்தது. மவுத்பீஸ் செருகுற குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், பித்தளையில் இருந்து நாகம் கரைந்து போகிறது என்று அர்த்தம். அந்தக் குழாயை மாற்றத்தான் வேணும். இவைக்கு வேலை தெரிந்த ஆளிடம்தான் போக வேணும். ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் இவை குறைவு.

அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரம் எடுக்கிற வகுப்பு. ட்ரம்பெட் சரியான பிறகு அவளிடம் சொல்லி அனுப்பினோம். சோதனை முடியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டா. அதுவும் நியாயம்தான். போன இரண்டு வருஷத்தை எந்தக் கோர்க்காலும் திருப்பித் தர ஏலாது.

பாண்ட் பொறுப்பாக இருக்கிற சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும், புதுசாக ஊதத் தொடங்குற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒன்றே ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு ட்ரம்பெட் பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கொப்பி வையுங்கோ. எப்ப கழுவினது, எப்ப எண்ணெய் போட்டது, கோர்க் எப்ப மாற்றினது, யார் ஊதினது என்று எழுதுங்கோ. ஒரு பிள்ளைக்குச் சத்தம் வரவில்லை என்றால், அதே ட்ரம்பெட்டை நல்லா ஊதுற ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கோ, அவளிடம் நல்ல ட்ரம்பெட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கோ. ஐந்து நிமிஷ வேலை. அதுக்குப் பிறகு வேணுமெண்டால் மூச்சைப் பற்றிக் கதைப்பம்.