கிரீன் டீ குடிக்கிறவர்கள் கவனத்துக்கு



கிரீன் டீ ஏதோ தனி மூலிகை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குன்னூர் பக்கம் விளையும் அதே தேயிலைதான். பறித்த இலையை நசுக்கிக் காற்றுப்பட வைத்தால் கறுத்துச் சாதாரண டீத்தூள் ஆகிறது. பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி உலர்த்தினால் பச்சையாகவே இருக்கும். கேட்டச்சின் என்ற சத்தும் அதில் அதிகம் தங்கும்.

போடுவது எளிது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 2, 3 நிமிடம் ஆறவிடுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை. மூடி வைத்து 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும். கசக்கிறதே என்று சர்க்கரை போட்டால் குடிப்பதில் அர்த்தமில்லை. பாலும் சர்க்கரையும் குறைவதே பெரிய லாபம்.

சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு வேண்டவே வேண்டாம். இதிலும் கஃபீன் உண்டு. தூக்கம் வராதவர்கள் மாலையில் தவிர்க்கலாம்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வரும் ஒருவர், "சார், கிரீன் டீ குடிக்கிறதால சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். அன்றே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். டீ மருந்தல்ல. மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.